குடிப்பழக்கமே இல்லாத எனக்கு ஈரலில் கொழுப்பு எப்படி வந்தது?

குடியாத்தத்தை அடுத்த ஊரொன்றிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளியொன்றில் ஆசிரியையாக வேலை பார்க்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் பள்ளியில் நடந்த உடல் பரிசோதனையில், வயிற்று ஸ்கேன் சீட்டில் 'கிரேடு 2 கொழுப்பு ஈரல்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 68, எஸ்.ஜி.ஓ.டி. 52, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 230, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 2,40,000. எடை 71 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர். பார்த்த மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லி, ரத்தக் கொழுப்புக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்னதால், பன்னிரண்டு நாளோடு சகோதரி அதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக இரண்டு மாதங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் வந்த 'ஈரல் சுத்திப் பொடி' ஒன்றையும் வரவழைத்து இரவில் வெந்நீரில் கலந்து சாப்பிடுகிறார். முட்டையையும் காப்பியையும் விட்டுவிட்டார். இரவில் சோறு கிடையாது, பழச்சாறு மட்டும்தான். பள்ளியில் இரண்டு, வீட்டில் மூன்று என நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. மூட்டு வலி வரும் நாட்களில் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டோ மூன்றோ போட்டுக்கொள்கிறார்.

அவரை அதிகம் வருத்துவது வேறு ஒன்று. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "ஈரல்ல கோளாறுன்னா... நீ ஏதாச்சும் குடிக்கிறியாம்மா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறார். சகோதரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். அவருடைய தந்தை குடியைத் தொட்டதே இல்லை, ஆனால் 52 வயதில் 'ஈரல் சுருங்கி' இறந்தார். கணவரோ சனிக்கிழமைதோறும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறார், அவருடைய ஈரல் பரிசோதனை சரியாக இருக்கிறதாம். "குடிக்கிறவருக்கு ஒன்றுமில்லை, குடிக்காத எனக்கு ஏன்? ஈரலைச் சுத்தம் செய்ய உண்மையிலேயே எந்த மருந்து நல்லது? மாமியாரிடம் என்னவென்று சொல்வது?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பந்திக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாக் கவலைக்கும் அடியில் அதுதான் கிடக்கிறது. ஈரலில் கொழுப்பு சேர்வதற்குக் குடி ஒரு காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. இன்றைக்கு வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு 'ஃபேட்டி லிவர்' என்ற சீட்டோடு வெளியே வருகிறவர்களில் மதுவை வாயில் வைக்காதவர்கள் ஏராளம். நீங்கள் எதையும் மறைக்க வேண்டியதில்லை, யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவும் வேண்டியதில்லை.

நடப்பது இதுதான். நாம் உண்ணும் மாவுச்சத்திலும் சர்க்கரையிலும் உடலுக்கு அன்றன்று தேவைப்பட்டது போக மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, தொப்பையில் சேர்ந்திருக்கும் கொழுப்பும் கரைந்து ரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே வந்து சேர்கிறது. வந்ததை வெளியே அனுப்பும் வேகத்தைவிட உள்ளே சேரும் வேகம் கூடினால் ஈரல் அணுக்களுக்குள் கொழுப்புத் துளிகள் தங்கிவிடுகின்றன. 5 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரல் அணுக்களில் அப்படித் தங்கினால் அதைக் கொழுப்பு ஈரல் என்கிறோம். உங்கள் மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ட்ரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டியது 230 இருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு, உங்களுக்கு 96. இவை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மாதவிலக்கு நிற்கப்போகும் வயதை நெருங்கும்போது, அதுவரை பெண்ணுடலுக்கு ஓரளவு காவலாக இருந்த ஈஸ்ட்ரோஜன் குறையத் தொடங்குவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. தைராய்டு குறைபாடு இருந்தாலும் ஈரலில் கொழுப்பு சேரலாம் என்பதால், இதுவரை அதைப் பார்க்கவில்லையென்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மதுவோடு சேர்த்தே இந்த நோயைப் பேசிவந்ததால் நேரும் அவமானத்தை மருத்துவ உலகமும் உணர்ந்திருக்கிறது. 2023-ல் பல நாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கலந்து பேசி, 'மது சாராத கொழுப்பு ஈரல்' என்ற பழைய பெயரைக் கைவிட்டு, 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்பு ஈரல் நோய்' என்று பெயரை மாற்றின. பெயர் நீளம்தான். ஆனால் அந்தப் பெயரில் மது என்ற சொல்லே இல்லை.

ஸ்கேன் சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

'கிரேடு 2' என்று பார்த்ததும் நோயின் இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டோம், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது முடிவு என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது தவறான புரிதல். ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைக் கண்பார்வையில் மதிப்பிட்டுச் சொல்வது மட்டுமே. கொழுப்பால் நாளடைவில் அழற்சி ஏற்பட்டு ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எவ்வளவு என்பதுதான் நாம் உண்மையில் அறிய வேண்டியது, அதைச் சாதாரண ஸ்கேன் தொடக்க நிலையில் காட்டாது. கிரேடு 1 என்று சீட்டு வாங்கியவருக்குத் தழும்பு கூடுதலாக இருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம்.

தழும்பை மதிப்பிட நாங்கள் முதலில் செய்வது செலவே இல்லாத ஒரு கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்கிக்கொள்ள வேண்டும், உங்களுக்கு 43 பெருக்கல் 52, அதாவது 2,236. பிறகு தட்டணு எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், 240 பெருக்கல் 8.25, ஏறக்குறைய 1,980. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.13 வருகிறது. உங்கள் வயதில் இது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் ஈரலின் விறைப்பை அளக்கும் 'ஃபைப்ரோஸ்கேன்' எடுக்கச் சொல்வோம். உங்கள் கணக்கு முதல் வகையில் விழுகிறது. அதனால் கடன் வாங்கியாவது பெரிய மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையையும் செய்துவிடப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இப்போது அவசியமில்லை. தந்தையின் கதையைக் கேட்டபின் உங்கள் மருத்துவர் ஒருமுறை ஃபைப்ரோஸ்கேன் பார்க்கலாம் என்று கருதினால் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி இந்தக் கணக்கையே ஆண்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த எண்கள் எல்லாம் நீங்கள் பொடி சாப்பிடத் தொடங்குவதற்கு முன் எடுத்தவை. இப்போதைய நிலை அவற்றில் இல்லை.

கீழாநெல்லியும் பெயரில்லாப் பொடியும்

கீழாநெல்லியை நான் பழித்துப் பேசப் போவதில்லை. வடார்க்காட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் மஞ்சள்காமாலை என்றதும் நினைவுக்கு வருவது வரப்போரத்தில் முளைக்கும் அந்தச் செடிதான், என் வீட்டிலும் ஆயா மோரில் அரைத்துக் கொடுத்ததுண்டு. அதைப் பற்றி ஒழுங்கான ஆய்வும் நடந்திருக்கிறது. சென்னை ஆய்வாளர்கள், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று அதில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் வைரஸைப் பற்றியதே தவிர, உங்களுக்கு இருக்கும் கொழுப்பைப் பற்றியது அல்ல.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குக் காமாலை குணமானதே என்று கேட்பீர்கள். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் குடித்த மருந்து எதுவோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. கொழுப்பு ஈரல் அப்படித் தானாக இறங்குவதில்லை, அது அன்றாடம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கிறது.

கீழாநெல்லியைவிட என்னை அச்சப்படுத்துவது அந்தப் பொடி. உறையின் மேல் தயாரிப்பு உரிம எண் இல்லை, சேர்மானப் பட்டியல் இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாம் உட்கொள்ளும் மருந்து, மூலிகை, உலோகம் எல்லாவற்றையும் பிரித்து மாற்றும் வேலையைச் செய்வது கல்லீரல்தான், ஆகவே நஞ்சு கலந்திருந்தால் முதல் அடியும் அதன் மேல்தான் விழும். சில ஆண்டுகளுக்கு முன் காட்பாடிப் பக்கத்திலிருந்து நெசவாளர் ஒருவர் என்னிடம் வந்தார். மஞ்சள் துணிப்பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று காலியாகியிருந்தது, மற்றதில் பாதி இருந்தது. கண்வெள்ளை எலுமிச்சம்பழத் தோலின் நிறத்தில் இருந்தது. அவரும் ஈரலைச் சுத்தம் செய்யத்தான் அதைச் சாப்பிட்டிருந்தார். நிறுத்திய பிறகு காமாலை இறங்க இரண்டரை மாதம் ஆயிற்று. அவர் பிழைத்தார், எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. மூலிகை என்பதால் கெடுதல் வராது என்ற எண்ணமும் சரியல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடிக் கஷாயம் தொடர்ந்து குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள்.

எனவே பொடியை இன்றே நிறுத்துங்கள். குப்பையில் போட்டுவிடாமல் உறையோடு எடுத்து வையுங்கள், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள். கீழாநெல்லியையும் இப்போதைக்கு விடுங்கள். இந்த வாரத்துக்குள் ஈரல் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். எஸ்.ஜி.பி.டி. முன்பைவிட மிகக் கூடியிருந்தாலோ, காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறியிருந்தாலோ அடுத்த நாளே மருத்துவரிடம் போங்கள்.

கல்லீரல் தூசி படியும் ஜன்னல் கம்பி அல்ல, வெளியிலிருந்து ஒன்றை ஊற்றிக் கழுவுவதற்கு. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பே நம் உடலின் சுத்திகரிப்பு நிலையம். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: ஈரலைச் சுத்தம் செய்யும் மருந்து என்று ஒன்று இல்லை. மருந்துக்கடையில் அலமாரி நிறைய நிற்கும் ஈரல் டானிக்குகளுக்கும் கொழுப்பு ஈரலைக் குணப்படுத்தியதாக உறுதியான சான்று கிடையாது. வெளிநாடுகளில் அண்மைக் காலத்தில் ஒப்புதல் பெற்ற ஒன்றிரண்டு மருந்துகள் நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ தழும்பு விழுந்தவர்களுக்கானவை, உங்களுக்கு அவை தேவையில்லை.

நீங்கள் நிறுத்திய மாத்திரை

பெயரைக் கொண்டு பார்த்தால், நீங்கள் நிறுத்தியது ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை. அது ஈரலைக் கெடுத்துவிடும் என்ற பயம் ஊர் முழுக்க இருக்கிறது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு ஸ்டாடின் பாதுகாப்பானது என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. எஸ்.ஜி.பி.டி. இயல்பான அளவின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்குள் இருக்கும்போது அதை நிறுத்த வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களின் உயிருக்கு வரும் ஆபத்தில் பெரியது மாரடைப்பு, ஈரல் செயலிழப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஈரலைக் காப்பாற்றுவதாக எண்ணி இதயத்துக்கான காவலை நீக்கிவிட்டீர்கள். ஆனாலும் நாளைக் காலையே அதை எடுத்து விழுங்கிவிடாதீர்கள். முதலில் மறுபரிசோதனை முடிவு வரட்டும், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நிறுத்தியதையும் பொடி சாப்பிட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். சந்தேகம் கேட்பதும், உங்கள் பரிசோதனைச் சீட்டுகளின் நகலை வாங்கி வைத்துக்கொள்வதும், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை.

பாராசிட்டமால் அளவாக எடுத்தால் நல்ல மருந்துதான். ஆரோக்கியமானவர்களுக்கே நாளுக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு, 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். நீங்கள் போடும் இரண்டு மூன்று மாத்திரையால் ஆபத்து இல்லை. சளி, காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் கலவை மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கும், சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டினியாக இருக்கும் நாளில் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. பெயர் தெரியாத வலி மாத்திரைகளைக் கடைக்காரர் கிழித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

டீ டம்ளரில் தொடங்குங்கள்

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இங்கேதான் உங்கள் ஈரலின் மருந்து இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சிறு கரண்டி சர்க்கரை 4 முதல் 5 கிராம் இருக்கும். ஐந்து டீக்குப் பத்துக் கரண்டி, நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம். மாதக் கணக்கில் 1.2 முதல் 1.5 கிலோ சர்க்கரை, உங்கள் ஒருவருக்கு மட்டும், டீயில் மட்டும். இதற்கு மேல் இரவுப் பழச்சாறு. சர்க்கரையில் சரிபாதி ஃபிரக்டோஸ் என்ற இனிப்பு வகை, அதன் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல்தான், மிஞ்சியதை அது கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. முட்டையைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள், பயப்பட வேண்டியது சர்க்கரை டப்பாவைப் பார்த்து. ஐந்து டீயை இரண்டாக்குங்கள். இந்த வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, அதற்கடுத்து அரை என்று இறக்கிக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ தேனோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. பழச்சாற்றை அறவே விட்டுவிட்டுப் பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள், கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு எல்லாம் நல்லவை. மாம்பழக் காலத்தில் ஆசைக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் விட்ட காப்பியை மறுபடி குடிக்கலாம் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை காப்பி குடிப்பவர்களுக்கு ஈரலில் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரை இல்லாமலோ மிகக் குறைத்தோ, தூக்கம் கெடாதபடி மாலைக்குள் குடித்துக்கொள்ளுங்கள். குடித்துப் பழகாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை.

சோற்றை விடச் சொல்ல மாட்டேன், ஆனால் தட்டின் கணக்கை மாற்ற வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ சப்பாத்தியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்று. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சோறு தானாகக் குறையும், சர்க்கரையும் மெல்ல ஏறும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் விளையும் ஊர்க்காரர்கள் நாம், காய்க்குப் பஞ்சமில்லை. எண்ணெய்க் கத்திரிக்காய் என்று எண்ணெயில் மிதக்க விடாமல் சமைத்தால் அதைவிட நல்ல துணைக்கறி இல்லை. எண்ணெய் எந்த வகையானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வடை சுட்ட எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டாம்.

கேழ்வரகுக் களியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உள்ளது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். சோற்றைவிட நல்லதென்று இரண்டு பெரிய உருண்டைக் களியைச் சாப்பிட்டால் கணக்கு பழையபடியே வந்து நிற்கும். ஒரு உருண்டை போதும், உடன் கிண்ணம் நிறையக் கீரைக் கடைசல் இருக்கட்டும். ஜவ்வாது மலைச் சாமைக்கும் இதே விதிதான். ஆம்பூர் பிரியாணி சாப்பிடக் கூடாதா என்று வருத்தத்தோடு கேட்டதைப் படித்தேன். மாதத்தில் ஓரிரு நாள் அளவாகச் சாப்பிடலாம், கூடவே குளிர்பானம் வேண்டாம், அன்றைக்கு மற்ற வேளைகளில் சோறு வேண்டாம்.

இரவில் பட்டினி கிடப்பதை நிறுத்துங்கள். பட்டினியால் எடை சட்டென்று இறங்கினால் ஈரல் அழற்சி கூடவும், பித்தப்பையில் கல் உண்டாகவும் வாய்ப்புண்டு. இரவு எட்டு மணிக்குள் இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ காய்க்கூட்டோடு சாப்பிடுங்கள். வேகமாகப் போனாலும் வாரத்துக்கு அரைக் கிலோ போதும். 71 கிலோவில் 5 சதவீதம், அதாவது மூன்றரைக் கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஐந்து கிலோ, அதாவது 7 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதமும் அதற்கு மேலும் குறைத்தவர்களுக்குத் தொடக்க நிலைத் தழும்புகூட மெல்ல மறைவதைக் கண்டிருக்கிறார்கள். உங்களுக்கு இலக்கு ஆறு மாதத்தில் ஐந்து கிலோ.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில். வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், பகலில் நடக்கச் சொல்வது கொடுமை. காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நடக்கலாம், அல்லது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் மாடியிலோ தெருவிலோ நடக்கலாம், இரண்டுமே கணக்கில் சேரும். மூட்டு வலி இருப்பதால் வேகமாக நடக்க முடியாத நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். தொடைத் தசை வலுவடைந்தால் ரத்தச் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும், முழங்காலுக்கும் ஆதரவு கிடைக்கும். எடை சற்றும் இறங்காவிட்டாலும் நடையால் மட்டுமே ஈரல் கொழுப்பு ஓரளவு குறையும், ஆகவே தராசைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்பாவின் நோய்

குடிக்காத தந்தை 52 வயதில் ஈரல் சுருங்கி இறந்தார் என்று நீங்கள் எழுதிய இரண்டு வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அவருக்கு உங்களைப் போலக் கொழுப்பு ஈரலே முற்றியிருக்கலாம். ஆனால் குடிக்காதவர்களுக்கு ஈரல் சுருங்குவதற்கு ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் முக்கியக் காரணங்கள். இவை பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கியிருக்கும். பி வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், ரத்தத்தின் வழியாகவும், உடலுறவாலும், ஒரே சவரக் கத்தியைப் பலர் பயன்படுத்துவதாலும் பரவும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொட்டுப் பேசுவதாலோ பரவாது. நீங்களும் உடன்பிறந்தவர்களும் உங்கள் தாயாரும் இந்த இரண்டுக்குமான ரத்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்தாக வேண்டும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் தடுப்புத் திட்டத்தின் கீழ் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். பி இல்லையென்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணை. சி இருப்பதாக வந்தாலும் கலங்க வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரைகளில் முற்றிலும் குணமாகிவிடும்.

உங்கள் கணவரைப் பற்றி

அவருடைய பரிசோதனை சரியாக இருப்பது நல்ல செய்திதான், ஆனால் அது நற்சான்றிதழ் ஆகாது. ஈரலில் தழும்பு விழுந்துகொண்டிருக்கும்போதும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவே இருக்க முடியும். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள்தானே என்று அதை ஒரே அமர்வில் உள்ளே தள்ளுவது ஈரலுக்குத் தனிச் சுமை, மறுநாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டால் சுமை இன்னும் கூடும். அவருக்கும் தொப்பை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தொப்பையும் மதுவும் சேர்ந்தால் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'எனக்கு வந்தது, உங்களுக்கு வரவில்லையே' என்ற மனக்குறையோடு இதைப் பேசினால் சண்டையில் முடியும். இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் போங்கள், இருவருக்கும் ஒரே சமையல், ஒரே நடை என்று தொடங்குங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்றால் அது இரண்டு மாதம்கூட நீடிப்பதில்லை என்பதை என் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மாமியாரிடம் மறைக்க வேண்டாம். "சர்க்கரை வருவதற்கு முன் ஈரல் கொடுக்கும் எச்சரிக்கை இது, டீயில் சர்க்கரையைக் குறைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். சர்க்கரை நோயைத் தெரியாத குடும்பம் நம் பக்கத்தில் இல்லை, அவருக்கு உடனே புரிந்துவிடும். முடிந்தால் அவருடைய இடுப்பையும் சர்க்கரையையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.

கண் மஞ்சளாவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, கால் வீக்கம், ரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், பகலில் காரணமில்லாத தூக்கமும் பேச்சுத் தடுமாற்றமும், இவற்றில் எது தோன்றினாலும் நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் இந்த வார ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மூன்றாம் மாதம் ஒருமுறை, ஆறாம் மாதம் ஒருமுறை எடை, இடுப்புச் சுற்றளவு, எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., தட்டணுக்கள், சர்க்கரைச் சராசரி ஆகியவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். ஆறாம் மாத எண்களோடு அந்தத் தட்டணுக் கணக்கையும் நீங்களே போட்டுப் பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.